கையெழுத்திட மறுத்த மாவட்டத் தலைவர்: ஹான்ஸ் ஷூயிரரும் வாக்கர்ஸ்டோர்ஃப் அணு ஆலையும்

ஜெர்மனியின் பவேரியா மாநில நிர்வாக நடைமுறைச் சட்டத்தில் 3பி என்று ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. மேலிடம் எழுத்தில் கொடுத்த ஆணையைக் கீழ்நிலை அரசு அலுவலகம் நிறைவேற்றாவிட்டால், மேலிடமே அந்த அலுவலகத்தின் இடத்தில் நின்று முடிவெடுக்கலாம் என்பது அதன் சாரம். படிக்க வறட்டு வாசகம்தான். ஆனால் 1985இல் அது சட்டப் புத்தகத்துக்குள் வந்தது ஒரே ஒரு மனிதரின் பொருட்டு. 'லெக்ஸ் ஷூயிரர்', அதாவது ஷூயிரர் சட்டம், என்ற பட்டப்பெயர் அதற்கு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷ்வாண்டோர்ஃப் மாவட்டத்தின் தலைவர் ஹான்ஸ் ஷூயிரர், தன் மாவட்டத்து வாக்கர்ஸ்டோர்ஃபில் வரவிருந்த ஓர் அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலையின் கட்டுமானத் திட்டங்களில் கையெழுத்திட மாட்டேன் என்று உட்கார்ந்ததன் விளைவு அது. மாவட்ட மட்டத்தில் ஒரு அதிகாரியால் எதைப் பிடித்து நிறுத்த முடியும், எதை முடியாது என்பதற்கு இதைவிடத் துல்லியமான வழக்கு ஜெர்மனியின் போருக்குப் பிந்தைய வரலாற்றில் கிடைப்பது அரிது.

ஒரு நாற்காலி, இரண்டு எசமானர்கள்

ஜெர்மன் மொழியில் இந்தப் பதவிக்கு லாண்ட்ராட் என்று பெயர். நம் ஊர் கலெக்டரோடு உடனே ஒப்பிடத் தோன்றும்; பாதிதான் பொருந்தும். கலெக்டர் நியமிக்கப்படுகிறவர், இடமாற்றம் செய்யப்படக்கூடியவர். பவேரியாவில் லாண்ட்ராட்டை மாவட்ட மக்கள் நேரடியாக வாக்களித்து 6 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில முதல்வருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவரை வேறு மாவட்டத்துக்குத் தூக்கியடிக்க முடியாது.

அவருடைய அலுவலகத்துக்கு இரட்டைப் பிறப்பு. ஒரு பக்கம் அது மாவட்டத்தின் சொந்த அலுவலகம்: மாவட்டச் சாலைகள், மருத்துவமனை, மேல்நிலைப் பள்ளிக் கட்டடங்கள், குப்பை. இவற்றுக்கு மாவட்ட மன்றம்தான் எசமானர்; ஷ்வாண்டோர்ஃபில் அதற்கு 60 உறுப்பினர்கள், தலைமை லாண்ட்ராட். இன்னொரு பக்கம் அதே கட்டடம், அதே ஊழியர்கள், மாநில அரசின் கடைநிலை அலுவலகமாகவும் இயங்குகிறது: கட்டட அனுமதி, நீர்ச் சட்டம், இயற்கைப் பாதுகாப்பு, வாகனப் பதிவு, கூட்டங்களுக்கான நிபந்தனைகள், பேரிடர் ஏற்பாடு. இந்தப் பக்கத்தில் அவருக்கு மேலே ரேகன்ஸ்பூர்கில் ஓபர்ஃபால்ஸ் மண்டல நிர்வாகமும், அதற்கும் மேலே மியூனிக்கில் அமைச்சகங்களும். அங்கிருந்து வரும் ஆணை அவரைக் கட்டுப்படுத்தும். மாநிலமே தன் சட்டம் படித்த அதிகாரிகளை இந்த அலுவலகத்தில் அமர்த்துகிறது. ஆனால் அலுவலகத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்ட லாண்ட்ராட்தான். காவல்துறை மட்டும் அவரிடம் கிடையாது. பவேரியாவில் அது முழுக்க மாநிலத்தின் கையில். பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கடைசி விவரம் முக்கியம்.

வழக்கமான ஆண்டுகளில் இந்த இரட்டைத்தன்மை யாருக்கும் தெரியாது. ஒரே மனிதர் காலையில் மக்கள் பிரதிநிதியாகப் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டுவார், மதியம் அரசு அதிகாரியாக ஒரு கிணற்றுக்கு அனுமதி மறுப்பார். மாவட்ட மக்களின் விருப்பமும் மாநிலத்தின் ஆணையும் எதிரெதிராக மோதும்போதுதான் விரிசல் வெளியே தெரியும்.

கொத்தனாரிலிருந்து லாண்ட்ராட் வரை

ஷூயிரர் 1931 பிப்ரவரி 6இல் க்ளார்டோர்ஃபில் பிறந்தவர்; அது இப்போது ஷ்வாண்டோர்ஃப் நகரோடு சேர்ந்துவிட்ட ஊர். கொத்தனார் வேலை கற்றவர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். பவேரியாவில் அந்தக் கட்சி நிரந்தர எதிர்க்கட்சி. ஆனால் நிலக்கரியும் இரும்பும் இருந்த ஓபர்ஃபால்ஸின் இந்த மூலையில் அதற்குத் தொழிலாளர் வாக்கு உண்டு. ஊர்த் தலைவராகத் தொடங்கி 1970இல் பூர்க்லெங்கன்ஃபெல்ட் மாவட்டத்தின் லாண்ட்ராட் ஆனார். 1972 ஜூலை 1இல் பவேரியா தன் மாவட்ட எல்லைகளை மாற்றி வரைந்தபோது பூர்க்லெங்கன்ஃபெல்ட், நாப்பூர்க், நாய்ன்பூர்க் ஃபோர்ம் வால்ட், ஓபர்ஃபீஹ்டாக் ஆகிய மாவட்டங்களும் ஷ்வாண்டோர்ஃப் நகரமும் ஒன்றாக்கப்பட்டன. அந்தப் புதிய மாவட்டத்தின் முதல் லாண்ட்ராட் அவர்தான். 1996 வரை, 24 ஆண்டுகள், அதே நாற்காலியில் இருந்தார்.

புதிய மாவட்டம் பரப்பில் சுமார் 1,470 சதுர கி.மீ.; வரவில் மெலிந்தது. ஜெர்மன் மாவட்டங்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி சொந்த வரி இல்லை. தொழில் வரி ஊராட்சிகளுக்கும் நகரங்களுக்கும் போகும். அவற்றின் வரி வலுவைப் பார்த்து மாவட்டம் ஒரு பங்குத்தொகையை வசூலிக்கும். ஊரில் ஆலை மூடினால் இரண்டு ஆண்டு கழித்து மாவட்டத்தின் பட்ஜெட்டில் ஓட்டை விழும். வாக்கர்ஸ்டோர்ஃபில் மூடியது சாதாரண ஆலை அல்ல. நெய்வேலியில் எடுப்பது போன்ற பழுப்பு நிலக்கரி அங்கே 1906இலிருந்து வெட்டப்பட்டு வந்தது. பக்கத்து டாஹல்ஹோஃபன் அனல்மின் நிலையத்துக்குத் தீனி அதுதான். 1982இல் அது தீர்ந்தது. மிஞ்சியவை வேலையில்லாத சுரங்கத் தொழிலாளர்களும் தண்ணீர் நிறையத் தொடங்கிய குழிகளும். (அந்தக் குழிகள் பிற்பாடு ஏரிகளாகி, இன்று சுற்றுலாப் பயணிகள் படகு விடுகிறார்கள்.)

ஆலை வந்த வழி

அன்றைய அணுச் சட்டப்படி, உலை நடத்தும் நிறுவனங்கள் தீர்ந்த எரிபொருளை என்ன செய்யப்போகின்றன என்று காட்டியாக வேண்டும். 1976இல் திருத்தப்பட்ட சட்டம் மறுசுழற்சியையே முதல் வழியாக வைத்தது. மின் நிறுவனங்கள் இதற்கென டி.டபிள்யூ.கே. என்ற நிறுவனத்தை வைத்திருந்தன. அது முதலில் குறிவைத்த இடம் லோயர் சாக்சனியின் கோர்லேபன். 1979 மே மாதத்தில் அம்மாநில முதல்வர் எர்ன்ஸ்ட் ஆல்பிரெக்ட், தொழில்நுட்பத்தில் குறை இல்லை, அரசியலில் இதைச் சாதிக்க முடியாது என்று கையை விரித்தார். இடம் தேடி அலைந்தவர்களுக்குக் கதவைத் திறந்தவர் பவேரிய முதல்வர் ஃபிரான்ஸ் யோசஃப் ஸ்ட்ராவுஸ். 1985 பிப்ரவரியில் டி.டபிள்யூ.கே. வாக்கர்ஸ்டோர்ஃபைத் தேர்ந்தெடுத்தது. ஆண்டுக்கு 350 டன் எரிபொருளைக் கையாளும் ஆலை. ஒரு பெரிய உலை ஆண்டுக்குச் சுமார் 30 டன் கழிக்கிறது என்று வைத்தால் ஒரு டஜன் உலைகளின் கழிவு இந்தக் காட்டுக்கு வரும் என்று பொருள்.

உள்ளே நடக்கவிருந்த வேலை இது. தீர்ந்த எரிபொருள் தண்டுகளைச் சில சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானோடு கலந்து யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுக்க வேண்டும். மிச்சமாகும் கடுங்கதிர்வீச்சுத் திரவத்தைக் கண்ணாடியாக உறைய வைக்க வேண்டும். சிக்கல் முதல் படியிலேயே தொடங்குகிறது. உலையில் இருக்கும்போது தண்டின் உலோக உறை கதிரியக்க வாயுக்களை உள்ளே பூட்டி வைத்திருக்கும். வெட்டிக் கரைக்கும்போது அவை விடுபடும். அவற்றில் கிரிப்டான்-85 எதோடும் வினைபுரியாத வாயு என்பதால் வடிகட்டியில் சிக்காது. அதன் அரை ஆயுள் 10 ஆண்டுக்குக் கொஞ்சம் அதிகம். அதைப் பிடிக்கச் செலவு செய்யாவிட்டால் ஒரே வழி உயரமான புகைபோக்கி.

ஷூயிரர் மனம் மாறியதில் அந்தப் புகைபோக்கிக்குப் பெரிய பங்கு. தொடக்கத்தில் அவர் ஆலைக்கு எதிரி அல்லர். ஏறக்குறைய 3,000 வேலைகள் என்ற வாக்குறுதி, மூடிக்கொண்டிருந்த சுரங்கம், காலியாகும் பட்ஜெட்: எந்த லாண்ட்ராட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். அவருடைய கட்சிக்காரரான ஹெல்முட் ஷ்மிட்டின் கூட்டாட்சி அரசும் மறுசுழற்சியை ஆதரித்தது. ஆனால் வரைபடத்தில் 200 மீட்டர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி நின்றது. ஆபத்தே இல்லாத ஆலைக்கு இவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்டபோது, கதிரியக்கப் பொருள் பரந்த பரப்பில் பரவி நீர்த்துப்போகத்தான் என்ற பதில் கிடைத்ததாக அவர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கொத்து வேலை தெரிந்தவருக்கு, காரணமில்லாமல் யாரும் 200 மீட்டர் எழுப்ப மாட்டார்கள் என்பது தெரியும். 1981 அக்டோபரில் ஷ்வாண்டோர்ஃபில் குடிமக்கள் எதிர்ப்புக் குழு உருவானது. ஷூயிரர் கோப்புகளைப் படிக்கத் தொடங்கினார், அந்தக் குழுவினரோடும் பேசத் தொடங்கினார். இந்த ஆலை மிதிவண்டிக் கம்பி செய்யும் தொழிற்சாலையைவிட ஆபத்தானதல்ல என்ற ரீதியில் ஸ்ட்ராவுஸ் பேசியது நம்பிக்கையை வளர்க்கவில்லை.

கையில் இருந்த பிடி

இங்கேதான் அதிகாரப் பங்கீட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அணுச் சட்ட அனுமதி லாண்ட்ராட்டின் வேலையே இல்லை. அதைக் கொடுப்பது மாநிலச் சுற்றுச்சூழல் அமைச்சகம். ஆலை பாதுகாப்பானதா என்ற கேள்வியில் ஷூயிரருக்குச் சட்டப்படி ஒரு குரலும் கிடையாது. ஆனால் எவ்வளவு பெரிய அணு ஆலையானாலும் அது மண்ணில் நிற்கும் கட்டடம். கட்டடத்துக்கு மனைத் திட்டம் வேண்டும். அதை ஊராட்சி வகுக்கும். வாக்கர்ஸ்டோர்ஃப் ஊராட்சி ஆலையை வரவேற்றது, எனவே அங்கே தடை இல்லை. பிறகு ஒப்புதல், கட்டட அனுமதி, நீர் எடுக்கவும் விடவும் அனுமதி. இந்தத் தாள்களின் வழி மாவட்ட அலுவலகத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. அங்கே ஷூயிரர் பேனாவை மூடி வைத்தார்.

மாநில அரசு என்ன செய்திருக்கலாம்? முதல் படி, எழுத்தில் ஆணை. ஆணையின் சட்டபூர்வத்தில் ஐயம் இருந்தால் அதிகாரி மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மேலிடம் உறுதி செய்தால் பணிய வேண்டும் என்பது ஜெர்மன் அரசுப்பணி விதி. அவர் பணியவில்லை. இரண்டாவது, பதவி நீக்கம். தேர்ந்தெடுக்கப்பட்டவரை அப்படி நீக்க ஒழுங்கு நடவடிக்கை நீதிமன்றம் வரை போக வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். மூன்றாவது, மண்டல நிர்வாகமே அனுமதியை எழுதிக் கொடுத்துவிடுவது. கேட்க எளிது, சட்டத்தில் இடமில்லை. எந்த அலுவலகத்துக்கு எந்த வேலை என்று சட்டம் வகுத்திருக்கிறது. மேலதிகாரி என்பதாலேயே கீழ் அலுவலகத்தின் முடிவை அதன் இடத்தில் நின்று எடுத்துவிட முடியாது. அதிகாரமில்லாத அலுவலகம் கொடுத்த அனுமதியை எதிர்த்து முதல் ஆள் வழக்குப் போட்டால் அது விழும். பல நூறு கோடி மார்க் திட்டத்தை அப்படிப்பட்ட தாளின் மேல் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

ஆகவே 1985இல் பவேரியச் சட்டமன்றம், ஸ்ட்ராவுஸின் ஆளுங்கட்சியான கிறிஸ்தவ சமூக ஒன்றியத்தின் பெரும்பான்மையோடு, சட்டத்தையே மாற்றியது. எழுத்தில் ஆணை, பணியாவிட்டால் மேலிடமே அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். லாண்ட்ராட்டைத் தொடாமல் அவருடைய கையெழுத்தை மட்டும் தேவையற்றதாக்கும் ஏற்பாடு. நிர்வாகக் கைவேலையாகப் பார்த்தால் சுத்தமான தீர்வு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அரசியலாகப் பார்த்தால் விலை கூடுதல். அதுவரை 'மாவட்டமும் ஏற்றுக்கொண்டது' என்று சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு தாளிலும் ரேகன்ஸ்பூர்கின் பெயர். மக்கள் தேர்ந்தெடுத்தவரைத் தாண்டித்தான் இந்த ஆலை வருகிறது என்று அரசாங்கமே எழுத்தில் சாட்சி சொன்னதுபோல் ஆயிற்று. இதோடு விடாமல் ஷூயிரர் மேல் ஒழுங்கு நடவடிக்கையும் தொடங்கினார்கள். அவர் ஆர்ப்பாட்ட மேடைகளில் ஏறி மாநில அரசைக் கடுமையாகத் தாக்கிப் பேசி வந்தவர். அரசு அதிகாரிக்குரிய நிதானம் எங்கே என்பது கேள்வி. அந்த நடவடிக்கையால் அவர் பெயர் மாவட்டத்துக்கு வெளியேயும் பரவியதுதான் மிச்சம்.

காடும் வேலியும்

1985 செப்டம்பரில் முதல் பகுதிக் கட்டுமான அனுமதி வந்தது. டிசம்பர் 11இல் டாக்ஸோல்டன் காட்டில் மரம் வெட்டத் தொடங்கினார்கள். எதிர்ப்பாளர்கள் குடிசைகள் போட்டார்கள். சில நாளில் காவல்துறை பிரித்தது. மறுபடி போட்டார்கள், 'சுதந்திர வாக்கர்லாண்ட் குடியரசு' என்று பெயரும் வைத்தார்கள். 1986 ஜனவரி 7இல் அதுவும் போனது. கிட்டத்தட்ட 5 கி.மீ. நீளத்துக்கு எஃகு வேலி எழுந்தது. 1986 ஈஸ்டரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டபோது சி.எஸ். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. நான்கே வாரங்களில் செர்னோபில் உலை வெடித்து, ஏப்ரல் இறுதியில் அதன் மேகம் பவேரியாவுக்கு மேல் மழையாக இறங்கியது. மே மாதப் பெந்தெகொஸ்தே விடுமுறையில் மோதல் உச்சம் தொட்டது. ஹெலிகாப்டரிலிருந்தும் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் விழுந்தன.

வேலியில் நின்றவர்களில் பெரும்பகுதி நகரத்து இளைஞர்கள் என்று மியூனிக் காட்ட விரும்பியது. காட்டுக்குள் ஒரு பிரான்சிஸ் சிலைத் தூணருகே ஞாயிறுதோறும் ஜெபத்துக்குக் கூடிய விவசாயிகளும் பாட்டிமார்களும் அந்தச் சித்திரத்தில் அடங்கவில்லை. அவர்களுடைய லாண்ட்ராட்டும் அடங்கவில்லை. கைது செய்ய முடியாத, தாடி வைக்காத, கோட்டும் டையும் அணிந்த அரசு அலுவலர் ஒருவர் எதிர்ப்புப் பக்கத்தில் நிற்பது கிராமத்து மனிதருக்குக் கொடுத்த தைரியத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. ஆயினும் காவல்துறையை விலக்க அவரால் முடியவில்லை. அந்த அதிகாரம் அவரிடம் இருந்ததே இல்லை. ஜூலை 26, 27 தேதிகளில் பூர்க்லெங்கன்ஃபெல்டில் நடந்த ஆலை எதிர்ப்பு இசைவிழாவுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். அது அவருடைய மாவட்டத்துக்குள்தான் நடந்தது.

ஆலை விழுந்த விதம்

ஷூயிரர் ஆலையை நிறுத்தினார் என்று எழுதுவது மிகை. ஷூயிரர் சட்டம் தன் வேலையைச் செய்தது. அவருடைய மறுப்பு இருந்தும் கட்டுமானம் நகர்ந்தது. சேதம் வேறு திசைகளிலிருந்து வந்தது.

முதலாவது நீதிமன்றம். 1987 ஏப்ரலில் பவேரிய உயர் நிர்வாக நீதிமன்றம் முதல் பகுதிக் கட்டுமான அனுமதியை ரத்து செய்தது. 1988 தொடக்கத்தில் ஆலை நிலத்தின் மனைத் திட்டத்தையும் செல்லாததாக்கியது. அவசரப்பட்டுக் குறுக்கு வழியில் கடந்த படிகள் இப்படித்தான் சில ஆண்டு கழித்துத் திரும்பி வந்து காலை வாரும். இருந்தும் களத்தில் வேலை தொடர்ந்தது.

இரண்டாவது ஆட்சேபணைகள். இரண்டாம் பகுதி அனுமதிக்காக 1988இல் ஆவணங்களைப் பொதுப் பார்வைக்கு வைத்தார்கள். நடைமுறை எளிதானது: கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்க வேண்டும், பிறகு அவற்றை வாய்மொழியாக விவாதிக்கப் பொதுக் கூட்டம். வந்தவை 8,81,000 ஆட்சேபணைகள். அவற்றில் ஏறக்குறைய 4,20,000 எல்லை தாண்டி ஆஸ்திரியாவிலிருந்து. ஜூலையில் நாய்ன்பூர்க் ஃபோர்ம் வால்டில் தொடங்கிய விசாரணை ஆகஸ்ட் வரை இழுத்தது. சில நூறு ஆட்சேபணைகளுக்கென வகுத்த நடைமுறை இத்தனை லட்சத்தைச் செரிக்க முடியாமல் திணறியது.

மூன்றாவது, முடிவில் எல்லாவற்றையும்விட எடை போட்டது, பணம். மதிப்பீடு 10 பில்லியன் மார்க்கை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரான்சின் லா ஆக்கில் அதே வேலையைக் குறைந்த விலைக்குச் செய்து தர கோஜெமா நிறுவனம் தயாராக இருந்தது. ஒவ்வொரு தாமதமும், புதிய வேலியும், வழக்கும் அந்த விலை வித்தியாசத்தை அகலமாக்கின. 1988 அக்டோபர் 3இல் ஸ்ட்ராவுஸ் இறந்ததும் திட்டத்தைக் கௌரவப் பிரச்சினையாகப் பிடித்திருந்த கை போய்விட்டது. 1989 ஏப்ரலில் ஃபேபா மின் குழுமத்தின் தலைவர் ருடால்ஃப் ஃபோன் பெனிக்ஸன்-ஃபோர்டர் கோஜெமாவோடு கைகோர்ப்பதாக அறிவித்தார். பவேரிய அரசுக்கு அது முகத்தில் அறைந்த செய்தி. மே 31இல் கட்டுமானம் நின்றது.

மாவட்டத் தலைவரின் பங்கை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது? தாமதத்தில் கொஞ்சம். எதிர்ப்புக்குக் கிடைத்த மரியாதையில் நிறைய. அவர் வேறொன்றையும் செய்யாமல் விட்டார், அதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை: ராஜினாமா. ராஜினாமா செய்திருந்தால் ஒரு வார இறுதிச் செய்தி. இடைத்தேர்தல், புதிய ஆள், வேலை தொடரும். நாற்காலியில் இருந்துகொண்டே மறுத்ததால்தான் அரசு சட்டம் போட வேண்டியதாயிற்று.

மிச்சக் காலம்

1990இல் அவர் மீண்டும் வென்றார். ஆலை போனபின் மாவட்டத்துக்குத் தேவைப்பட்டது கோஷம் அல்ல, குத்தகைதாரர்கள். அணு ஆலைக்கெனச் சமப்படுத்திய நிலம், சாலை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் ஏற்கனவே இருந்தன. தொழில் பூங்கா அமைப்பவர்களுக்கு இவற்றுக்குத்தான் முதல் பல ஆண்டுகள் செலவாகும். பி.எம்.டபிள்யூ. அங்கே வந்து காலூன்றியது, அதன் பின்னால் உதிரிபாக நிறுவனங்கள். 1982இல் சுரங்கம் மூடியபோது கேட்ட வேலைகள் புகைபோக்கி இல்லாத கூடங்களில் வந்து சேர்ந்தன. 1994இல் கூட்டாட்சி அணுச் சட்டம் தீர்ந்த எரிபொருளை மறுசுழற்சி செய்யாமல் நேரடியாகப் புதைக்கவும் வழிவிட்டது. 2005 ஜூலையிலிருந்து மறுசுழற்சிக்கு அனுப்புவதற்கே தடை. 1996இல் ஷூயிரர் பதவியிலிருந்து இறங்கினார். அவருக்குப் பின் லாண்ட்ராட் ஆன ஃபோல்கர் லீட்கேயும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 2014 வரை அவரே இருந்தார்.